மேப்புல குப்பத்து மணலையும் வரைங்க: சாந்தோம், பட்டினப்பாக்கம், ஊரூர் கடற்கரை பத்தி ஒரு திறந்த மடல்

சென்னை மாநகராட்சி அதிகாரிகளுக்கும், மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துல இருக்குற அய்யாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கே வந்துடறேன். கலங்கரை விளக்கத்துல இருந்து அடையாறு முகத்துவாரம் வரைக்கும், ஆத்துக்கு அந்தப்பக்கம் ஊரூர் குப்பத்துல இருந்து திருவான்மியூர் தாண்டியும் கிடக்குற மணலுக்கு மாத்தி மாத்தி ஏதாவது ஒரு திட்டம் வந்துக்கிட்டேதான் இருக்கு. ஒரு தடவை ரோடு, ஒரு தடவை மேம்பாலம், ஒரு தடவை அழகுபடுத்துறது, இப்ப ப்ளூ ஃப்ளாக்னு ஒரு சர்வதேச கடற்கரைச் சான்றிதழ். எல்லாத்துலயும் "பொதுமக்கள் பயன்பாட்டுக்காக"ன்னு ஒரு வரி இருக்கும், அதுக்குக் கீழயே படகு, வலை, மீன்கடை எல்லாத்தையும் "ஒழுங்குபடுத்துறது"ன்னு இன்னொரு வரி இருக்கும். பொதுமக்கள் ஒரு கட்சி, மீனவங்க எதிர்க்கட்சிங்குற மாதிரி. இந்த நினைப்பே தப்புன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். இந்த பீச் இன்னிக்கும் டிக்கெட் இல்லாம, கேட் இல்லாம, வாட்ச்மேன் இல்லாம யார் வேணா நடந்து போய் கால் நனைக்கிற மாதிரி இருக்குன்னா அதுக்கு மொதக் காரணம் அங்க குப்பங்கள் இருக்குறதுதான். அவங்க புழங்குறதாலதான் அது நமக்கும் திறந்திருக்கு.

நான் குப்பத்துக்காரன் இல்ல. சாந்தோம் ஹைரோட்டுக்கு மேற்கால இருக்குற தெருவுல வளந்தவன், கடலுக்குப் போறதுன்னா எங்களுக்கு குப்பத்து சந்து வழியாத்தான், வேற வழி இல்ல, யாரும் ஒருநாளும் எங்க போற எதுக்குப் போறன்னு கேட்டதும் இல்ல.

இந்த ஊரோட வரலாறு தெரியாம இங்க பிளான் போட முடியாதுங்குறதால கொஞ்சம் பின்னாடி போறேன், பொறுத்துக்கங்க. ஆகஸ்ட் 22 ஆனா மெட்ராஸ் டேன்னு கொண்டாடுறோம்ல, 1639-ல நாயக்கர் கிட்ட இருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் ஒரு மணல்திட்டு வாங்கினான்னு. அந்த மணல்ல அன்னிக்கே கட்டுமரம் ஏத்தி வெச்சிருந்தவங்க இருந்தாங்க. அதுக்கும் நூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே மயிலாப்பூர் கரையில போர்த்துக்கீசியர் வந்து இறங்கிட்டாங்க. துறைமுகம் கட்டுற வரைக்கும் மெட்ராஸுக்கு வந்த கப்பல் எல்லாம் தூரத்துலதான் நங்கூரம் போட்டு நிக்கும், ஆளையும் சரக்கையும் அந்த அலையைத் தாண்டி கரைக்குக் கொண்டுவந்தது மசூலா படகும் கட்டுமரமும்தான். அந்த அலையில படகு விட இந்தக் கரைக்காரங்களை விட்டா ஆள் கிடையாது. இந்த நகரம் உருவானதுல அவங்க கை இருக்கு.

அப்புறம் 1870-கள்ல துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க. இதை நீங்க எல்லாருமே படிச்சிருப்பீங்க, ஆனாலும் சொல்றேன், ஏன்னா இதுலதான் பாடம் இருக்கு. நம்ம கரையோரமா மணல் சும்மா கிடக்குறது இல்ல, ஓடிக்கிட்டே இருக்கு. தென்மேற்குப் பருவக்காத்து காலத்துல தெற்கால இருந்து வடக்கே போகும், வடகிழக்குப் பருவமழை காலத்துல திரும்பி வரும், வருஷக் கணக்குல கூட்டிக் கழிச்சா வடக்கே போறதுதான் அதிகம். துறைமுகச் சுவர் குறுக்க வந்து நின்னதும் தெற்கால மணல் சேந்து சேந்து அகலமாச்சு, வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்னுக்கிட்டே போச்சு. தெற்கால சேந்ததுதான் இன்னிக்கு நாம பாக்குற மெரினா. 1884-ல கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு மெரினான்னு பேர் வெச்சாரு. வடக்கே இருந்த குப்பங்களுக்குக் கிடைச்சது கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டின கருங்கல். இன்னிக்கும் அந்தப்பக்கம் நிறைய இடத்துல பாறாங்கல் மேல நின்னுதான் கடலைப் பாக்கணும். மெரினா அழகா இருக்கேன்னு சொல்லும்போது எனக்கு அந்தக் கல்லும் ஞாபகம் வரும், ரெண்டும் ஒரே சுவரால வந்ததுதான்.

மெரினாவை எல்லாருக்குமான இடமா ஆக்கினதுலயும் குப்பத்து ஆள் ஒருத்தர் இருக்கார். சிங்காரவேலர். 1860-ல அயோத்தியாகுப்பத்துல மீனவக் குடும்பத்துல பொறந்தவர். 1923 மே 1-ஆம் தேதி இந்தியாவுலயே மொத மே தினம் கொண்டாடினது அவர்தான், ஹைகோர்ட் எதிர்ல இருந்த கடற்கரையில ஒரு கூட்டம், திருவல்லிக்கேணி கடற்கரையில ஒரு கூட்டம். பக்கத்துலயே திலகர் திடல், சுதந்திரப் போராட்டக் கூட்டம் எல்லாம் நடந்த மணல். ஊர்ல இருக்குறவன் பணம் கட்டாம, யார்கிட்டயும் தலையைச் சொறியாம ஒண்ணு கூடுறதுக்கு ஒரு இடம்னா அது கடற்கரைதான்னு ஆனது இப்படித்தான்.

1985 பத்தி எழுத கை வரல, ஆனா விட்டுட்டுப் போக முடியாது. மெரினாவை அழகுபடுத்துறோம்னு கட்டுமரத்தையும் வலையையும் எடுக்க வந்தாங்க, குப்பத்து மக்கள் எதுத்தாங்க, அந்த டிசம்பர்ல போலீஸ் சுட்டுது, மீனவங்க செத்தாங்க. நடைபாதை ஓரம் புல்லு வெச்சு, லைட்டு போட்டு, பாக்க நல்லா இருக்கணும்னு ஆரம்பிச்ச திட்டம் அங்க போய் முடிஞ்சுது. "அழகுபடுத்துறது"ன்னு உங்க ஆபீஸ்ல ஒரு ஃபைல் தொறக்கும்போது இந்த மக்கள் ஏன் உடனே பதறுறாங்கன்னு கேக்குறவங்க இருக்காங்க. அந்தப் பதட்டத்துக்கு இதுதான் காரணம், அது இன்னும் அந்த வீடுகள்ல உயிரோட இருக்கு.

இப்ப லூப் ரோடு. கலங்கரை விளக்கத்துல இருந்து பட்டினப்பாக்கம் வரைக்கும் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். முன்னாடி அது மணல் மூடுன ஒரு பாதை, வலை பரத்துற இடம், பசங்க கிரிக்கெட் ஆடுற இடம். 2015 வாக்குல கான்க்ரீட் ரோடா ஆச்சு, சாந்தோம் ஹைரோட்டு ட்ராஃபிக்கு அதுல இறங்க ஆரம்பிச்சுது. அப்பவே குப்பத்துக்காரங்க சொன்னாங்க, இன்னிக்கு ரோடு வந்தா நாளைக்கு ரோட்டுக்கு நாங்க இடைஞ்சல்னு சொல்லுவீங்கன்னு. 2023 ஏப்ரல்ல அதேதான் நடந்துச்சு. ஹைகோர்ட் தானா முன்வந்து வழக்கு எடுத்துச்சு, கடைங்க ரோட்டை ஆக்கிரமிச்சிருக்குன்னு, மாநகராட்சி வண்டி வந்து கடைங்களை எடுத்துச்சு, பொம்பளைங்க மீனைக் கொட்டி ரோட்டுல உக்காந்தாங்க. யோசிச்சுப் பாருங்க, யார் இடத்துல யார் வந்து ஆக்கிரமிச்சது? மீன் விக்கிற இடத்துல ரோடு வந்துச்சு. ரோட்டுல மீன்கடை வரல.

நீங்க ஒரு நாள் விடியக்காலம் நொச்சிக்குப்பத்துல வந்து நில்லுங்க. ஃபைபர் போட் கரைக்கு வரும்போது ஒருத்தன் இன்ஜினைத் தூக்கி விடுவான், அலை ஒண்ணு தூக்கிக் கொடுக்குற நேரம் பாத்து மணல்ல ஏறும், அந்த நேரத்துல யார் பக்கத்துல நிக்கிறாங்களோ எல்லாரும் தோள் கொடுத்துத் தள்ளுவாங்க, சொந்தக்காரன் வேத்து ஆளுன்னு பாக்க மாட்டாங்க. வலையோட அப்படியே மேல கொண்டுவந்து போட்டு கண்ணி கண்ணியா மீனைக் கழட்டுவாங்க, காரப்பொடிங்குற சின்ன மீன் சிக்கின வலையா இருந்தா அதைக் கழட்ட விடிஞ்சு வெயில் ஏறிடும். நண்டு மாட்டுனா கண்ணி அறுந்துபோகும், அதை அங்கயே உக்காந்து பின்னணும். கழட்டுற மீன் கூடையில விழ விழ கரையிலயே ஏலம் போகும், சில்லறைக்கு விக்கிறவங்க எடுத்துக்கிட்டு ரோட்டோரம் போய் கூறு கட்டி வெப்பாங்க. கடையில உக்காந்திருக்குற அம்மாவுக்கு அங்க இருந்தே கடல் தெரியணும். எந்த போட் வருது, யாரோட போட், வலை கனமா இருக்கா இல்லையான்னு பாத்துக்கிட்டேதான் அவங்க வியாபாரம் பண்றாங்க, கையில இருக்குறதை என்ன விலைக்கு விடலாம்னு முடிவு பண்றதே அதை வெச்சுத்தான். போட்டுக்கும் கூறுக்கும் நடுவுல இருக்குற அந்த சில பத்து அடி தூரத்துலதான் மொத்த தொழிலும் இருக்கு. அந்த அம்மா உக்காந்திருக்குற இடத்தை உங்க மேப்புல தேடினா வெறும் ரோட்டோரம்னு இருக்கும்.

2024-ல நொச்சிக்குப்பத்துல நவீன மீன் அங்காடி திறந்தீங்க. அது நல்ல காரியம்தான், மேல கூரை, தண்ணி வசதி, கழிவு போக வழி, வெயில்லயும் மழையிலயும் உக்காந்து உக்காந்து உடம்பு கெட்ட அம்மாங்களுக்கு அது தேவைதான். நான் குறை சொல்ல வரல. ஆனா அங்காடி கட்டிட்டோம் அதனால இனிமே மணல்ல உங்களுக்கு வேலை இல்லன்னு யாரும் சொல்லிடக் கூடாது. அங்காடி மீன் விக்கிறதுக்கு. வலை காயுறதுக்கு, போட் ஏத்துறதுக்கு, கருவாடு போடுறதுக்கு, ஏலம் விடுறதுக்கு மணல்தான் வேணும், அதுக்கு மாத்து எந்தக் கட்டடமும் கிடையாது.

இன்னொண்ணு, இதை இன்ஜினியருங்க கவனிக்கணும். பீச்சோட அகலம் வருஷம் பூரா ஒரே அளவு இல்ல. ஐப்பசி கார்த்திகையில வாடைக் காத்து அடிச்சு கடல் பொங்குச்சுன்னா மணலை அரிச்சுக்கிட்டுப் போகும், நேத்து போட் நின்ன இடத்துல இன்னிக்கு அலை அடிக்கும். அப்ப போட் எல்லாத்தையும் இன்னும் மேல, ஊர்ப்பக்கமா ஏத்தணும். அப்புறம் காத்து மாறினதும் மணல் திரும்ப வந்து சேரும், போட் திரும்ப இறங்கும். அதனால ஏப்ரல் மாசம் சர்வே எடுக்குறவர் கண்ணுக்கு "சும்மா கிடக்குற காலி இடம்"னு தெரியுறது கார்த்திகையில போட் நிக்கிற இடம். அந்தக் காலி இடத்துலதான் நீங்க ரோடு போடுறீங்க, பார்க்கிங் போடுறீங்க, பெஞ்சு போடுறீங்க. அப்புறம் மழைக்காலத்துல போட் ரோட்டு மேல நிக்குதுன்னு நோட்டீஸ் போனா அந்த மனுஷன் எங்க போவான்? முகத்துவாரத்தை ஒட்டி சீனிவாசபுரத்துல கடல் வீட்டையே எடுத்துக்கிட்டுப் போயிருக்கு, அங்க போய்ப் பாத்தவங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

கரைவலைன்னு ஒண்ணு இருக்கு, பெரிய வலைன்னும் சொல்லுவாங்க. வலையோட ஒரு கயித்தைக் கரையில விட்டுட்டு போட்ல போய் அரைவட்டமா வலையை இறக்கிட்டு, இன்னொரு கயித்தைத் தள்ளி வேற இடத்துல கரைக்குக் கொண்டுவந்து ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு இழுத்துக்கிட்டே ஒண்ணை ஒண்ணு நெருங்கி வருவாங்க. அதுக்கு நீளமா, குறுக்க ஒரு கம்பி கூட இல்லாத கரை வேணும். நடுவுல நீங்க ஒரு வேலி போட்டா, ஒரு வரிசை கல் தூண் நட்டா, அந்த இடத்துல அந்தத் தொழில் அன்னிக்கோட முடிஞ்சுது. வாக்கிங் போறவங்க அந்தக் கயித்தைத் தாண்டித் தாண்டி நடந்து போறதை நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன், சில பேர் நின்னு ஒரு கை பிடிச்சு இழுத்தும் விடுவாங்க. ஒரே மணலை ரெண்டு பேரும் புழங்க முடியும்னு அங்க தினமும் நடந்துக்கிட்டேதான் இருக்கு, அதை யாரும் திட்டம் போட்டு உண்டாக்கல.

ஆத்துக்கு அந்தப்பக்கம் வருவோம். பெசன்ட் நகர் ஹவுசிங் போர்டு வந்தது 1970-கள்ல. அதுக்கு முன்னாடியே ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் இருக்கு. பிரம்மஞான சபை அடையாறுக்கு வந்தது 1882, அந்த சபையைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட பிள்ளைங்களுக்காகப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சது 1894, அந்தப் பேர்தான் குப்பத்துக்கும் இருக்கு. முகத்துவாரத்துல உடைஞ்சு நிக்குதே ஒரு பாலம், 1967-ல கட்டி 1977-ல அடிச்சுக்கிட்டுப் போனது, அதை இன்னிக்கு எல்லாரும் போட்டோ எடுக்குற இடமாத்தான் பாக்குறாங்க, அது சாந்தோம் பக்கத்துக்கும் எலியட்ஸ் பீச் பக்கத்துக்கும் மீனவ மக்கள் போய்வர கட்டினது. இப்ப அப்பப்ப பேச்சு வருது, அதைத் திரும்பக் கட்டி லூப் ரோட்டை பெசன்ட் நகரோட சேத்துடலாம்னு, கலங்கரை விளக்கத்துல இருந்து ஈசிஆர்னு சொல்ற கிழக்குக் கடற்கரைச் சாலை வரைக்கும் கரையோரமா மேம்பாலம் போடலாம்னு. நடக்குறவங்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் பாலம்னா நானே முன்னாடி நின்னு ஆதரிப்பேன். காருக்குன்னா வேண்டாம். லூப் ரோட்டுல என்ன ஆச்சுன்னு பாத்தாச்சு, அது ஊரூர் குப்பத்துக்கும் வேணுமா? முகத்துவாரத்துல ஆறும் கடலும் சேந்து மணலை நகத்திக்கிட்டே இருக்குற இடத்துல தூண் நட்டா என்ன ஆகும்னு அந்த உடைஞ்ச பாலமே நின்னு காட்டிக்கிட்டு இருக்கு.

திருவான்மியூர் தாண்டி தெற்கால போங்க. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரைன்னு குப்பம் இருக்குற எடத்துல எல்லாம் ஒரு தெரு கடல் வரைக்கும் போகும், யார் வேணா போகலாம், பைக்கை நிறுத்திட்டு மணல்ல உக்காரலாம். இன்னும் போகப் போக பங்களாவும் ரிசார்ட்டும் வரிசையா வரும், ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவுல காம்பவுண்ட் சுவர்தான். சட்டப்படி அந்த மணல் யாருக்கும் சொந்தம் இல்ல, பொதுதான். ஆனா அங்க போக வழி எங்க? வழி இல்லாத பொது இடம் பங்களாக்காரனோட பின்வாசல் ஆகிடும். எங்க குப்பம் உயிரோட இருக்கோ அங்க வழி இருக்கு, ஏன்னா அவங்க தினமும் அந்த வழியில போட் இன்ஜினைத் தூக்கிக்கிட்டு, மீன் கூடையைத் தூக்கிக்கிட்டு நடக்குறாங்க, அடைச்சா அன்னிக்கே சண்டைக்கு நிப்பாங்க. நானோ நீங்களோ வாரத்துக்கு ஒரு தடவை காத்து வாங்கப் போறவங்க, அந்தச் சந்து வழியை அடைச்சா முணுமுணுத்துட்டு வேற பீச்சுக்குப் போயிடுவோம். அதனாலதான் சொல்றேன், நகரத்துக்காரங்களோட பீச் உரிமையைக் காப்பாத்துறது குப்பத்துக்காரங்கதான்.

இதுல சட்டம் ஒண்ணும் எதிரா இல்ல, உங்க பக்கம்தான் நிக்குது, எங்க பக்கமும்தான். 1996-ல கமல்நாத் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு: கடற்கரை, ஓடுற தண்ணி, காத்து, காடு இதுக்கெல்லாம் அரசாங்கம் ஒரு ட்ரஸ்டி மாதிரி, பயனாளி மக்கள், காப்பாத்துறது அரசாங்கத்தோட சட்டக் கடமை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-ல வந்துச்சு, 2011-ல மாத்தி எழுதினாங்க, 2019-ல திரும்ப மாத்தினாங்க. 2011 அறிவிக்கையில இருக்குறதை உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல, மீனவ கிராமம், மீனவ சமுதாயத்தோட பொதுச் சொத்துக்கள், மீன் காயவைக்கிற இடம், ஐஸ் பிளான்ட், அவங்க ரோடு, ஸ்கூல், மருந்தகம் எல்லாத்தையும் சர்வே எண் தெரியுற அளவுக்குப் பெரிய மேப்புல குறிக்கணும், குடும்பம் பெருகும்போது வீடு கட்ட இடம் எதுன்னு நீண்டகாலத் திட்டமும் போடணும்னு இருக்கு. நகரப் பகுதிகள்ல ஏற்கனவே இருக்குற ரோட்டுக்கு ஊர்ப்பக்கம்தான் கட்டடம் வரலாம், கடல் பக்கமா புதுசா ஒரு ரோடு போட்டுட்டு அதைக் காட்டி அதுக்கு ஊர்ப்பக்கம் கட்டடம் கட்ட அனுமதி வாங்க முடியாதுன்னும் இருக்கு. எவ்வளவு யோசிச்சு எழுதியிருக்காங்க பாருங்க, ரோடு வந்தா பின்னாடி என்ன வரும்னு தெரிஞ்சேதான் எழுதியிருக்காங்க.

ஆனா அந்த மேப்பு? மீனவங்க கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சு, சில ஊர்ல அவங்களே ஜிபிஎஸ்ஸைத் தூக்கிக்கிட்டுப் போய் வலை காயுற இடம், போட் நிக்கிற இடம், கோயில் இடம், சுடுகாடுன்னு வரைஞ்சு கொடுத்திருக்காங்க. எண்ணூர்லயும் ஊரூர்லயும் இப்படி நடந்திருக்கு. ஒரு அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை கடலுக்குப் போயிட்டு வந்த கையோட அவங்க செஞ்சிருக்காங்க, அதுக்கு மரியாதை கொடுத்து அதிகாரபூர்வ மேப்புல ஏத்தணும். போட் நிக்கிற மணலுக்குப் பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது, தலைமுறை தலைமுறையா புழங்குனதுதான் ஆதாரம். மேப்புல ஏறலன்னா அடுத்து வர்ற ஆபீசருக்கு அது வெத்து இடம். டெண்டர் விட சௌகரியமா இருக்கும்.

இங்க சில பேர் சொல்றதையும் நான் கேட்டிருக்கேன், மறைக்க விரும்பல. மீன் நாத்தம், கழிவைக் கொட்டுறாங்க, நடக்க முடியல, ட்ராஃபிக் ஜாம். இதுல நியாயம் இருக்குறதும் இருக்கு. கழிவு கொட்டுறது உண்மைதான், ஆனா குப்பை வண்டி எத்தனை மணிக்கு வருது, மீன் வெட்டி முடியுறது எத்தனை மணிக்குன்னு யாராவது சேத்துப் பாத்தாங்களா? அடையாறுல, கூவத்துல கலந்து கடலுக்கு வர்ற சாக்கடையைப் பக்கத்துல வெச்சுப் பாத்தா செதிலும் குடலும் ஒரு பொருட்டே இல்ல. ட்ராஃபிக்குக்கு வர்றேன், சாந்தோம் ஹைரோட்டுல நெரிசல்னா அதுக்குத் தீர்வு பஸ், மெட்ரோ. பீச்சை ரோடா மாத்துறது தீர்வு ஆகாது, அது அந்த நெரிசலைக் கடற்கரைக்குக் கொண்டுவர்றது. லூப் ரோட்டைக் குறுக்க தாண்டி மணலுக்குப் போற குழந்தையையும் வயசானவங்களையும் நின்னு பாருங்க. பீச் எல்லாருக்கும்னு சொல்லிக்கிட்டு அதுக்கு முன்னாடி வேகமா வண்டி ஓடுற ஒரு ரோட்டைப் போட்டா அது யாருக்கான வழி?

நீங்க நல்லா செஞ்சதும் இருக்கு, அதையும் சொல்லணும். 2022 நவம்பர்ல மெரினாவுல மாற்றுத்திறனாளிகளுக்காக அலை பக்கம் வரைக்கும் மரப்பாதை போட்டீங்க. சக்கர நாற்காலியில வந்தவங்க அன்னிக்கு மொத தடவையா அலைக்குப் பக்கத்துல போய் நின்னதைப் பாத்து எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல அது சேதமாச்சு, திரும்ப சரி பண்ணீங்க. "எல்லாருக்கும் பீச்"னா அதுதான். யாரையும் கிளப்பாம, யாரோட இடத்தையும் எடுக்காம, இதுவரைக்கும் வர முடியாதவங்களைக் கொண்டுவந்து சேத்தது. அந்த மாதிரி பத்து பாதை போடுங்க, ஊரூர்ல போடுங்க, பட்டினப்பாக்கத்துல போடுங்க, குப்பத்து ஆளுங்களைக் கூப்பிட்டு எந்த இடத்துல போட்டா போட் ஏத்துறதுக்கு இடைஞ்சல் இல்லன்னு கேட்டுப் போடுங்க. அவங்களுக்குத்தான் எந்த மாசம் அலை எது வரைக்கும் வரும்னு தெரியும், புயல்ல போகாத இடத்தைக் காட்டுவாங்க.

ப்ளூ ஃப்ளாக் விஷயத்துல ஒரே ஒரு வேண்டுகோள், சான்றிதழ் வாங்குறதுக்காக வேலி போட்டு ஒரு துண்டைத் தனியா பிரிக்காதீங்க. கழிப்பறை, குடிதண்ணி, உயிர் காக்குறவங்க, குப்பைத்தொட்டி எல்லாம் வேலி இல்லாமலே வைக்கலாம். ராத்திரி பூரா மணலைப் பகலாக்குற உயர்கோபுர விளக்கும் வேண்டாம். தை மாசி பங்குனியில பங்குனி ஆமை முட்டை போட வர்ற கரை இது, 1988-ல இருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரி நடந்து அந்த முட்டையைக் காப்பாத்திக்கிட்டு வர்றாங்க. பொரிஞ்சு வர்ற குஞ்சு வெளிச்சம் எங்கயோ அங்கதான் போகும். ரோட்டு லைட்டைப் பாத்துட்டு ஊருக்குள்ள வந்து செத்துப்போறதை பெசன்ட் நகர்ல இருக்குறவங்க நிறைய பேர் பாத்திருப்பாங்க.

இந்த மக்கள் இந்த நகரத்துக்கு என்ன செஞ்சாங்கன்னு கணக்கு எடுக்க நான் யாரு, ஆனா ரெண்டு விஷயம் சொல்லியே ஆகணும். 2015 டிசம்பர் வெள்ளத்துல மாடியில மாட்டிக்கிட்டு நின்னவங்களைத் தேடி கடல்ல போற போட்டை லாரியில ஏத்திக் கொண்டுவந்து தெருத்தெருவா போனது மீனவங்க. 2017 ஜனவரி 23, ஜல்லிக்கட்டுப் போராட்டம் கலைச்சப்ப மெரினாவுல இருந்து ஓடின பசங்களை வீட்டுக்குள்ள கூப்பிட்டு கதவைச் சாத்தினது நடுக்குப்பத்து அம்மாக்கள். அன்னிக்கு நடுக்குப்பம் மீன் சந்தை எரிஞ்சுபோச்சு. சுனாமிக்கு அப்புறம் கடலோரத்துல இருந்து கொஞ்சம் பேரை செம்மஞ்சேரிக்குக் கொண்டுபோய் விட்டாங்களே, அங்க இருந்து விடியக்காலம் ரெண்டு மணிக்கு எந்த பஸ்ஸைப் புடிச்சு கடலுக்கு வருவாங்க? கடல்ல வேலை பாக்குறவனுக்கு வீட்டுத் திண்ணையில இருந்து கடல் தெரியணும். காத்து மேற்கால இருந்து வர்ற கச்சானா, கிழக்கால இருந்து வர்ற கொண்டலான்னு பாத்துட்டுத்தான் அவன் போட்டைத் தள்ளலாமா வேண்டாமான்னு முடிவு எடுப்பான்.

என்ன கேக்குறேன்னா, அடுத்த எந்தத் திட்டமும் கையெழுத்து ஆகுறதுக்கு முன்னாடி கலங்கரை விளக்கத்துல இருந்து உத்தண்டி வரைக்கும் ஒவ்வொரு குப்பத்தோட போட் நிக்கிற இடம், மழைக்காலத்துல போட் ஏத்துற இடம், வலை காயுற இடம், கரைவலை இழுக்குற நீளம், கடலுக்குப் போற ஒவ்வொரு சந்து, எல்லாத்தையும் கடலோர மேலாண்மைத் திட்ட மேப்புல ஏத்துங்க. அந்த சந்துல எவன் கேட் போட்டிருந்தாலும் எடுங்க, பங்களாவா இருந்தாலும் சரி. ஈசிஆர்ல சுவரா நிக்கிற நீளத்துல நடுநடுவுல பொதுவழி திறங்க. லூப் ரோட்டை விடியக்காலத்துல இருந்து மீன் வியாபாரம் முடியுற வரைக்கும் உள்ளூர் வண்டிக்கும் மீன் வாங்க வர்றவங்களுக்கும் மட்டும் விடுங்க, மத்த நேரத்துலயும் வேகத்தடை வெச்சு மெதுவா போக வைங்க, அகலப்படுத்துற பேச்சே வேண்டாம். ஊரூர் பக்கம் கார் பாலம் வேண்டாம்.

கருத்துக்கேட்பு வெச்சா ஏசி ஹால்ல பகல் பதினோரு மணிக்கு வைக்காதீங்க, அது அவங்க வலை கழட்டி வித்துட்டுத் தூங்கப் போற நேரம். மேப்பைத் தமிழ்ல, சந்துப் பேர் குப்பத்துப் பேர் போட்டு, பெருசா அச்சடிச்சு ஊர்ப் பஞ்சாயத்து கூடுற இடத்துல ஒரு மாசம் மாட்டி வைங்க, தப்பு இருந்தா பேனாவால அங்கயே திருத்தட்டும். அந்த ஒரு மாசத்துல ஒருநாள் காலையில ஆறு மணிக்கு நீங்களும் வாங்க, ஷூவைக் கழட்டி வெச்சுட்டு வாங்க, எது எங்கன்னு அவங்களே நடந்து காட்டுவாங்க.

இப்படிக்கு,
சாந்தோம்ல இருந்து, அந்த சந்து வழியா இன்னமும் கடலுக்குப் போய்வர்ற ஒருத்தன்